விதிக்கு ஓர் இடம்: மேல்நிலைக் கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் முதல் பாடமே செயற்கூறு பற்றியதுதான். மூன்றாம் பாடம் வரையெல்லை. ஏழாம் பாடம் பைத்தான் செயற்கூறுகள். அதற்கு முந்தைய ஆண்டே சி++ வழியாக மாணவர்கள் செயற்கூறுகளை ஒருமுறை படித்துவிடுகிறார்கள். எனவே நம் பாடத்திட்டம் இந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இருந்தும், சிறிய விளையாட்டு ஒன்றை நிரலாக எழுதச் சொன்னால் தொடக்கநிலை மாணவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே நீளமான வைல் மடக்கு. அதற்குள் ஓர் இஃப், அந்த இஃபுக்குள் இன்னொன்று, நடுவே பிரிண்ட், அதன் கீழே இன்புட், எல்லாவற்றுக்கும் மேலே பத்துப் பன்னிரண்டு மாறிகள். செயற்கூறின் வரையறையைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் அதே மாணவர், எழுதும்போது அதன் பக்கம் போவதில்லை. இதை நான் மாணவரின் குறையாகப் பார்க்கவில்லை. செயற்கூறு எதற்கு என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் பதிலில்தான் குறை இருக்கிறது. 'ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருப்பதற்காக' என்று சொல்லித் தொடங்குகிறோம். சிறிய விளையாட்டில் வரிகள் அவ்வளவாகத் திரும்ப வருவதில்லை. அப்படியானால் இங்கே செயற்கூறு தேவையில்லை என்று மாணவர் முடிவு செய்கிறார். நாம் சொன்ன காரணத்தை வைத்துப் பார்த்தால் அவர் முடிவு சரியானதே.

அந்தக் காரணத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை. நாளை மாறக்கூடிய ஒரு முடிவை நிரலில் ஒரே இடத்தில் வைத்து, அதற்கொரு பெயர் கொடுத்து, மற்ற பகுதிகள் அந்தப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று ஆக்குவதற்காகவே செயற்கூறு. இதை முதல் காரணமாக வையுங்கள். இதை விளக்கக் கூட்டல், பெருக்கல் எடுத்துக்காட்டுகள் போதாது. ஊருக்கு ஊர் விதி மாறும் ஒரு விளையாட்டு வேண்டும். அப்படி ஒன்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது: பல்லாங்குழி.

திரும்ப எழுதாமை என்ற காரணம் பொய்யானதல்ல. அது பிறந்த காலம் வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் நினைவகத்தில் இருந்தவை 512 சொற்கள்தான். கட்டளைகளும் எண்களும் அதற்குள் அடங்க வேண்டும் என்ற நிலையில், ஒரே கணக்கீட்டை இரண்டு இடங்களில் எழுதுவது கட்டுப்படியாகாத செலவு. அங்கே டேவிட் வீலர் செம்மைப்படுத்திய துணைநிரல் முறையே இன்று நாம் செயற்கூறு என்று கற்பிப்பதன் மூதாதை. வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நூல், துணைநிரல் நூலகம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. அதற்கு அடுத்த ஆண்டு அதே கணினியில் ஏ. எஸ். டக்ளஸ், தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எக்ஸ், ஓ போடும் ஆட்டத்தை நிரலாக்கினார். 35க்கு 16 புள்ளிகள் கொண்ட சிறு திரையில் அந்த ஆட்டம் தெரிந்தது. கணினி விளையாட்டின் தொடக்கங்களில் ஒன்றும் துணைநிரலின் தொடக்கமும் ஒரே எந்திரத்தில் சந்திக்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. வீலர் 1952இல் துணைநிரல்கள் பற்றி எழுதிய மிகச் சிறிய கட்டுரையில் இடச் சிக்கனத்தோடு நிற்கவில்லை. நிரலைப் பகுதிகளாகப் பிரித்துவிட்டால், எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒரு பகுதியில் கவனம் வைக்கலாம், மீதி நிரல் முழுவதும் வந்து மனத்தில் குறுக்கிடாது என்றார். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும், அதை அடுத்தவர் பயன்படுத்தும்படி விளக்கி எழுதும் பெரிய வேலை மிச்சமிருக்கிறது என்றும் சொன்னார். நினைவகம் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த நாட்களிலேயே அவர் மனித மனத்தின் வசதியைப் பேசினார். நினைவகம் பெருகிக் கிடக்கும் இந்த நாளில் நாம் இன்னும் சிக்கனத்தையே முதல் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நிரலை எங்கே வெட்டிப் பிரிப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை 1972இல் கிடைத்தது. டேவிட் பார்னஸ் அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒரே வேலையைச் செய்யும் மென்பொருளை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் பிரிப்பு பாய்வுப்படத்தைப் பின்பற்றியது: உள்ளீடு ஒரு பகுதி, செயலாக்கம் ஒரு பகுதி, வெளியீடு ஒரு பகுதி. இரண்டாவது பிரிப்பில் ஒவ்வொரு பகுதியும் ஒரு முடிவைத் தனக்குள் மறைத்து வைத்திருந்தது. இரண்டும் இயங்கும், இரண்டிலும் பகுதிகள் உண்டு. ஆனால் ஒரு முடிவை மாற்ற வேண்டி வந்தால் முதல் பிரிப்பில் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளையும் தொட வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் போதும். நம் மாணவர்களைச் செயற்கூறுகளாகப் பிரிக்கச் சொன்னால் அவர்கள் செய்வது பெரும்பாலும் பார்னஸ் காட்டிய முதல் பிரிப்பே. 'தொடக்கம்', 'ஆட்டம்', 'முடிவு' என்று மூன்று செயற்கூறுகள் எழுதுவார்கள். முதலாவதில் வரவேற்பு வாசகம், மூன்றாவதில் நன்றி, நடுவிலுள்ளதில் பழைய மடக்கு அப்படியே. காலவரிசையில் வெட்டினால் இப்படித்தான் முடியும். செயற்கூறு இருக்கிறது என்று மதிப்பெண் கொடுத்துவிடலாம்; ஆனால் எதுவும் பிரிந்திருக்கவில்லை.

இனிப் பல்லாங்குழிக்கு வருவோம். பலகையில் ஏழேழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழிகள். குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டையோ சோழியோ போட்டு ஆடுவது பரவலான முறை. அப்போது மொத்தம் 70 காய். ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். கையில் இருப்பது தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வார். அவர் முறை முடியும். இதுவரை ஏறக்குறையப் பொது. இதற்கு மேல் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் குழிக்கு ஆறு காய், சில இடங்களில் பன்னிரண்டு. எடுத்துக்கொள்ளும் குழிக்கு எதிர்க்குழியில் இருப்பதையும் சேர்த்து எடுக்கலாம் என்பது சில இடங்களின் வழக்கம். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதைப் 'பசு' என்று அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வது இன்னொரு விதி. அடுத்த சுற்றில், தோற்றவரிடம் எல்லாக் குழிகளையும் நிரப்பக் காய் இல்லாவிட்டால் நிரப்ப முடியாத குழிகள் ஆட்டத்தில் சேராமல் அடைபட்டுக் கிடக்கும். இத்தனை வேறுபாடுகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இருந்தே வரக்கூடியவை. 'எங்கள் வீட்டில் இப்படி ஆடமாட்டோம்' என்று ஒரு மாணவர் சொல்லும் அந்தக் கணத்தில்தான் செயற்கூறு பாடம் உண்மையில் தொடங்குகிறது.

அந்த மாணவர் சொன்ன விதிக்காக நிரலில் எந்த வரியை மாற்ற வேண்டும்? முழுவதையும் ஒரே மடக்கில் எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லை. அடுத்த குழி எது என்ற கணக்கு, அதாவது ஒன்றைக் கூட்டி 14ஆல் வகுத்து மீதி எடுப்பது, மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும்: காய் போடும் இடம், அடுத்த குழியை அள்ளும் இடம், வெற்றுக் குழிக்கு அப்பால் பார்க்கும் இடம். அடைபட்ட குழியைத் தாண்ட வேண்டும் என்ற விதி வந்தவுடன் மூன்றையும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் நிரல் நிற்காது, தவறாக ஆடும். தவறாக ஆடும் நிரல், பிழைச் செய்தியோடு நின்றுபோகும் நிரலைவிடத் தொல்லை தருவது. இதற்கு மாறாக 'அடுத்த_குழி' என்று ஒரு செயற்கூறு இருந்தால், அதன் உடல் ஒரே வரியாக இருந்தாலும், அடைபட்ட குழி விதி அங்கே மட்டும் நுழையும். ஒரு வரிக்காகச் செயற்கூறா என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த விடை கிடையாது. செயற்கூறின் தேவையை அளக்க வரிகளின் எண்ணிக்கை உதவாது. அதற்குள் இருக்கும் முடிவு மாறுமா என்பதே உதவும். அதேபோல் 'பலகை_அமை' என்பது குழிக்கு எத்தனை காய் என்பதை மட்டும் அறியும். 'விதை' என்பது ஒரு குழியை அள்ளிப் போட்டு, கடைசிக் காய் எந்தக் குழியில் விழுந்தது என்று திருப்பி அனுப்பும். பசு விதி வந்தால் அது இங்கே வரும். 'எடு' என்பது வெற்றுக் குழிக்கு அப்பால் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்லும். எதிர்க்குழி விதி இதற்குள் மட்டும் இருக்கும். 'ஆட்டம்_முடிந்ததா' என்பது உண்மை அல்லது பொய் என்று மட்டும் பதில் தரும். பைத்தான் 3 தமிழ் எழுத்துகளில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் பெயர் வைக்க அனுமதிக்கிறது. எனவே தமிழ்வழி மாணவர்கள் இந்தப் பெயர்களையே அப்படியே நிரலில் எழுதலாம். விதியைத் தாங்கள் பேசும் மொழியிலேயே பெயரிட்டுப் பார்க்கலாம்.

இப்படிப் பிரிப்பதன் அடுத்த பயன் சோதனை. பிரிக்காத நிரலைச் சோதிக்க ஒரே வழி உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் ஆடுவது. பிரித்த நிரலில் ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் பெறலாம். குழிக்கு ஐந்து காய், பசு விதி இல்லை, எதிர்க்குழி விதி இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் குழியை அள்ளிப் பாருங்கள். ஐந்து காய் 2 முதல் 6 வரை விழும். அடுத்து 7ஆம் குழியை அள்ளினால் 8 முதல் 12 வரை. பிறகு 13ஐ அள்ளினால் 14, 1, 2, 3, 4 ஆகியவற்றில். பிறகு 5ஆம் குழியில் சேர்ந்திருக்கும் ஆறு காய் 6 முதல் 11 வரை. பிறகு 12ஆம் குழியின் ஆறு காய் 13, 14, 1, 2, 3, 4 ஆகியவற்றில். அடுத்திருக்கும் 5ஆம் குழி வெறுமை. அதைத் தடவி 6ஆம் குழியில் உள்ள ஏழு காயை எடுத்துக்கொள்ளலாம். பலகையில் மிச்சம் 63, கையில் 7, கூட்டினால் 70. இதே தொடக்கத்தைக் குழிக்கு ஆறு காயோடு ஆடினால் கதை வேறு. 1ஆம் குழியின் ஆறு காய் 2 முதல் 7 வரை விழும், 8ஆம் குழியின் ஆறு காய் 9 முதல் 14 வரை விழும், அடுத்த குழியான 1 வெறுமை. இரண்டே அள்ளலில் முறை முடிந்து 2ஆம் குழியின் ஏழு காய் கிடைக்கிறது. பலகையில் 77, கையில் 7, மொத்தம் 84. எதிர்க்குழி விதியைச் சேர்த்தால் இரண்டு தொடக்கத்திலும் 14 காய் கிடைக்கும். மாணவர் இந்த எண்களைப் புளியங்கொட்டையை வைத்துக் கையால் கண்டுபிடிக்கலாம். பிறகு செயற்கூறு அதே விடையைத் தருகிறதா என்று பார்க்கலாம். பலகையில் உள்ளதையும் கையில் உள்ளதையும் கூட்டினால் தொடக்கத்தில் இருந்த எண் எப்போதும் வர வேண்டும் என்ற ஒரே ஒரு சோதனை, 'விதை'யில் நேரும் பல பிழைகளை உடனே காட்டிக்கொடுக்கும். அள்ளிய குழியைப் பூஜ்யமாக்க மறந்தால் காய் பெருகும். மடக்கு ஒருமுறை குறைவாகச் சுற்றினால் காய் குறையும். தன் நிரல் சரி என்பதற்கு ஆசிரியரின் ஒப்புதலைத் தேடாமல், தானே சான்று காட்டப் பழகும் மாணவர் கிடைப்பது இங்கேதான்.

கணக்கிடும் செயற்கூறுகளையும் மனிதரோடு பேசும் செயற்கூறுகளையும் தனித்தனியே வைப்பது இதிலிருந்து தானாகவே வரும் பாடம். 'விதை'க்குள் பிரிண்ட் இருக்கக் கூடாது. 'எடு'வுக்குள் இன்புட் இருக்கக் கூடாது. குழி எண்ணைக் கேட்டு வாங்கி, அது ஆடுபவரின் பக்கத்துக் குழிதானா, அதில் காய் இருக்கிறதா என்று சரிபார்ப்பது 'குழி_கேள்' என்பதன் வேலை. மனிதர் 1 முதல் 14 வரை எண்ணுகிறார், பைத்தான் பட்டியல் 0 முதல் 13 வரை எண்ணுகிறது என்ற வேறுபாட்டைச் சரிக்கட்டுவதும் அதன் வேலையே. பலகையைத் திரையில் வரைவது 'காட்டு' என்பதன் வேலை. நாளைக்கு இதே ஆட்டத்தைப் பைகேம் என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு வண்ணத்தில் வரைய ஒரு மாணவர் ஆசைப்பட்டால், மாற வேண்டியவை இந்த இரண்டும் இவற்றை அழைக்கும் மைய மடக்கும்தான். விதிகளைச் சுமக்கும் செயற்கூறுகள் அப்படியே இருக்கும். முதல் பாடத்தில் நீங்கள் நடத்தும் இடைமுகமும் செயல்படுத்துதலும், தூய செயற்கூறும் தூய்மையற்ற செயற்கூறும் இங்கே கண்முன் நிற்கின்றன. 'அடுத்த_குழி' தூயது, ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. 'விதை' பலகை என்ற பட்டியலையே மாற்றிவிடுகிறது, எனவே தூயதல்ல. பட்டியலைச் செயற்கூறுக்கு அனுப்பினால் பைத்தான் நகலெடுப்பதில்லை, மூலப் பட்டியலே மாறுகிறது என்ற நுட்பத்தை வரையறையாகச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பலகையிலிருந்து காய் மறைவதை வைத்துப் புரியவைப்பது எளிது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மறுப்பு: அளபுரு, திருப்பி அனுப்பும் மதிப்பு, உள்ளமை மாறி, முழுதளாவிய மாறி என்று ஒரே நேரத்தில் இத்தனையைத் தொடக்கநிலை மாணவர் தாங்குவாரா? இந்தக் கவலை நியாயமானது. திரையில் காட்டுவதையும் மதிப்பைத் திருப்பி அனுப்புவதையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தடுமாற்றம். ரிட்டர்ன் எழுத மறந்த செயற்கூறு நன் (None) என்ற வெறும் மதிப்பைத் தரும்போது மாணவர் திகைத்துப்போவார். ஆனால் பிரிக்காத நிரல் சுமை குறைந்தது என்ற எண்ணம் சரியல்ல. மனம் ஒரே நேரத்தில் எத்தனை கூறுகளை ஏந்தும் என்று ஆராய்ந்த ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு என்பதையொட்டிய ஓர் எண்ணைச் சொன்னார்; நெல்சன் கோவன் 2001இல் அதை நான்கு என்ற அளவுக்குக் குறைத்தார். பன்னிரண்டு மாறிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மடக்கு இந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. 'விதை' எழுதும்போது மாணவர் ஏந்த வேண்டியவை பலகை, குழி, கையில் உள்ள காய் ஆகிய மூன்று மட்டும். சுமையைக் குறைக்க வேண்டுமானால் செயற்கூறைத் தள்ளிப்போட வேண்டாம், படிகளாகக் கொடுக்கலாம். முதலில், நீங்கள் எழுதிய செயற்கூறுகளை மாணவர் அழைத்து ஆட்டத்தை ஓட்டட்டும். அடுத்து, ஒன்றின் உடலை மட்டும் அழித்துவிட்டு அவரையே நிரப்பச் சொல்லலாம். அதற்குப் பிறகே புதிய விதி ஒன்றைக் கொடுத்து எங்கே வெட்டுவது என்று கேட்கலாம். உடலை எழுதுவதற்கு முன், இந்தச் செயற்கூறு என்ன செய்யும் என்று ஒரு வாக்கியமும், ஓர் உள்ளீட்டுக்கு என்ன விடை வரும் என்ற ஓர் எடுத்துக்காட்டும் எழுதச் சொல்வது மத்தியாஸ் ஃபெலைசனும் அவர் நண்பர்களும் 2001இல் வெளியிட்ட பாடநூலின் அடிப்படை முறை. அதைக் கரும்பலகையிலேயே செய்யலாம்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: முதலில் ஒரே நீளமாக எழுதட்டும், சிக்கலில் மாட்டிக்கொண்ட பிறகு பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம், அப்போதுதான் தேவை புரியும் என்று பல நல்ல ஆசிரியர்கள் கருதுகிறார்கள். தேவையை உணர்ந்த பிறகே கருவியைக் கொடுக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். எண்ணைக் கண்டுபிடிக்கும் இருபது வரி ஆட்டத்துக்குச் செயற்கூறு வேண்டாம்; அதை ஒரே மடக்கில் எழுதுவதே அழகு. ஆனால் நீளம் மாணவருக்குத் தேவையை உணர்த்துவதில்லை. நூறு வரி எழுதி அது ஓடிவிட்டால் அவருக்குப் பெருமைதான் வரும். ஓடுகிற நிரலைப் பிரிக்கச் சொன்னால் எதற்கு என்றே கேட்பார். தேவையை உணர்த்துவது மாற்றம். எனவே நீளமாக எழுதவிடுவதானால், எழுதி முடித்த அன்றே குழிக்கு ஆறு காய், எதிர்க்குழி விதி, அடைபட்ட குழி என்று அடுத்தடுத்து மாற்றங்களைக் கேளுங்கள். மூன்றாவது மாற்றத்திலாவது பிரிப்பதன் பயன் அவருக்கே தெரிந்துவிடும். மாற்றத்தைக் கேட்காமல் பிரிக்க மட்டும் சொன்னால் அது வெறும் ஒழுங்குக்கான கட்டளையாக நின்றுவிடும்.

மூன்றாவது மறுப்பு தேர்வும் நேரமும். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்ற அமைப்பில், செய்முறைத் தேர்வுக்கான நிரல்களின் பட்டியல் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. அதில் பல்லாங்குழி இல்லை. பாடங்களை முடிக்கவே நேரம் போதவில்லை என்ற உங்கள் குறை உண்மையானது. இதற்கு என் பதில், இதைக் கூடுதல் பாடமாக எண்ண வேண்டாம் என்பதே. செயற்கூறு, வரையெல்லை, பைத்தான் செயற்கூறுகள் என்று மூன்று பாடங்களில் சிதறி நடத்தப்படும் கருத்துகளுக்கு ஒரே எடுத்துக்காட்டு இது. இடைமுகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, உள்ளமை வரையெல்லைக்கு இன்னொன்று, தூய செயற்கூறுக்கு வேறொன்று என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதற்கு ஆகும் நேரத்தை ஒரே ஆட்டம் மிச்சப்படுத்தும். ஆட்டத்தின் மையப் பகுதி ஐம்பது வரிக்குள் அடங்கும். கணினிகள் போதாத ஆய்வகத்தில்கூட இதை நடத்தலாம். ஒரு மாணவர் 'விதை', ஒருவர் 'அடுத்த_குழி', ஒருவர் 'எடு', ஒருவர் 'காட்டு'. ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்கப்படுவதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. 'விதை'யாக நிற்பவர் 'அடுத்த_குழி'யிடம் கேட்காமல் தானே எண்ணிவிட்டால் ஆட்டத்தை நிறுத்திக் காரணம் கேளுங்கள். அளபுருவும் திருப்பி அனுப்பும் மதிப்பும் வரையெல்லையும் அந்த ஒரு பாடவேளையில் எல்லோருக்கும் தெரியும். பொருள் புரிந்து எழுதும் ஐந்து மதிப்பெண் விடை, மனப்பாடம் செய்து எழுதும் விடையைவிடக் குறைந்துபோகாது.

அளவு மீறிப் பிரித்துவிடுவார்களே என்ற அச்சமும் உண்டு. வரிக்கு ஒரு செயற்கூறு எழுதிய நிரல், ஒன்றுகூடப் பிரிக்காத நிரலைப்போலவே படிக்கச் சிரமம் தரும். இங்கும் அளவுகோல் அதுவே. இந்தச் செயற்கூறுக்குள் இருக்கும் எந்த முடிவு நாளை மாறலாம்? இதற்கு ஓர் உள்ளீட்டைக் கொடுத்து ஒரு விடையைச் சரிபார்க்க முடியுமா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அது தனிச் செயற்கூறாக இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் விடைத்தாளின் ஓரத்தில் எழுதி மாணவரிடமே திருப்பிக் கேளுங்கள். வெட்டுவது எவ்வளவு முக்கியமோ, வெட்டாமல் விடுவதும் அவ்வளவு முக்கியமான தீர்மானம் என்பது அப்போது விளங்கும்.

கடைசியாக, இன்று பலரும் கேட்கும் கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சொன்னால் முழு ஆட்டத்தையும் எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும்? எழுதிக் கொடுப்பதைச் சரியா என்று பார்க்க ஒருவர் வேண்டும் என்பதே விடை. பல்லாங்குழி போல் வட்டாரத்துக்கு வட்டாரம் விதி மாறும் ஆட்டத்தில், கருவி எந்த ஊர் விதியை எழுதியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, நிரலில் அந்த விதி எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிய வேண்டும். முதல் குழியில் தொடங்கினால் முதல் முறையில் ஏழு காய் வர வேண்டும், மொத்தம் 70 மாறக் கூடாது என்று கேட்டுச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். 'எடு' மட்டும் தவறு, மற்றவை சரி என்று சுட்டிக்காட்டத் தெரிய வேண்டும். செயற்கூறுகளாக எண்ணப் பழகாதவருக்கு, கருவி தருவது ஏற்கவோ தள்ளவோ மட்டுமே முடிந்த ஒரே பாளம். எழுதும் வேலை குறையும்போது பிரித்து எண்ணும் வேலையின் மதிப்பு கூடுகிறது.

ஆசிரியர்களே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இந்தக் கல்வியாண்டில் ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழி வேண்டாமென்றால் தாயமோ ஆடுபுலி ஆட்டமோ, உங்கள் ஊரில் விதி மாறும் எதுவானாலும் சரி. அதை மூன்று பாடங்களுக்கும் பொதுவான எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, நிரல் ஓடியதும் பாராட்டி முடித்துவிடாமல் ஒரு விதியை மாற்றச் சொல்லுங்கள். எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருந்தது என்று மாணவரையே எண்ணச் சொல்லுங்கள். உங்கள் மதிப்பீட்டில், நிரல் ஓடுகிறதா என்பதோடு இந்த எண்ணிக்கைக்கும் ஓரிடம் கொடுங்கள். செயற்கூறின் வரையறையைப் பாடநூல் அவர்களுக்குச் சொல்லிவிடும். அதன் காரணத்தைக் காட்ட உங்களால்தான் முடியும்.

அன்புடன்,
நிரலாக்கக் கல்வியில் அக்கறையுள்ள ஒருவர்